வாணலியும் வம்சாவளியும்

சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்களிடையே இப்போது ஒரு புது வர்க்கம் தலையெடுத்திருக்கிறது. இலையில் விழுந்த பண்டம் ருசியாயிருக்கிறதா, உப்பும் காரமும் சரியாயிருக்கின்றனவா என்றெல்லாம் இவர்கள் விசாரிப்பதில்லை. அதன் பூர்வீகம் எது, எந்த ஊரில் ஜனனம், தாத்தா பெயர் என்ன என்று கேட்பார்கள். பதிலில் சிறிது தடுமாற்றம் தென்பட்டால் போதும். "இது அசல் இல்லை" என்று முத்திரை குத்திவிட்டு எழுந்து போய்விடுவார்கள். கல்யாணத்துக்குக் குலம் கோத்திரம் பார்த்தது போதாதென்று குழம்புக்கும் பார்க்கத் தொடங்கியாயிற்று.

இவர்கள் வாயில் அதிகமாக அரைபடுவது ஓர் இறால் பண்டம். இறாலை ஓடு உரித்து, பூண்டோடு எண்ணெயிலும் வெண்ணெயிலும் வதக்கி, வெள்ளை ஒயின் கொஞ்சம் விட்டுச் சுண்ட வைத்து, எலுமிச்சை பிழிந்து, வெந்த பாஸ்தாவோடு புரட்டி எடுப்பது. அமெரிக்காவில் இதற்கு 'ஷ்ரிம்ப் ஸ்காம்பி' என்று பெயர். அங்கே இத்தாலியச் சாப்பாடு என்று பலகை மாட்டிய விடுதிகளில் மிகவும் பழக்கமான சரக்கு.

ரோமையும் வெனிஸையும் பத்தே நாளில் பார்த்து முடித்துவிட்டு வந்த நண்பர் ஒருவர் இந்தப் பண்டத்தைக் கண்டித்து என்னிடம் ஒரு மணி நேரம் பேசினார். "சார், இத்தாலிக்காரன் இதைக் கண்டால் சிரிப்பான் சார்! பெயரே தப்பு. அந்த நாட்டிலே இப்படி ஒன்று கிடையவே கிடையாது. எல்லாம் அமெரிக்காக்காரன் கட்டிவிட்டது" என்றார். பத்து நாளில் ஒரு மனிதர் இவ்வளவு தூரம் இத்தாலியராகிவிட முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் கொடுத்துவிடுகிறேன். 'ஸ்காம்பி' என்பது இத்தாலிய மொழியில் ஒரு சமையல் முறையின் பெயரல்ல. ஒரு ஜீவராசியின் பெயர். ஒன்று இருந்தால் ஸ்காம்போ, பல இருந்தால் ஸ்காம்பி. நம் சிங்கி இறாலுக்கு ஒல்லியான தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீண்டு மெலிந்த கொடுக்குகள், இளஞ்சிவப்பு உடம்பு. விலங்கியல்காரர்கள் நெப்ராப்ஸ் நார்வேஜிகஸ் என்பார்கள். நார்வே, ஸ்காட்லாந்துக் கடல்களிலிருந்து மத்தியதரைக் கடல் வரை சேற்றுத் தரையில் வளை தோண்டி வாழ்கிறது. அட்ரியாடிக் கடலில் கிடைப்பதை வெனிஸ்காரர்கள் கொண்டாடுவார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு லாங்குஸ்தின், ஆங்கிலேயர்களோ ரொட்டித்தூள் பூசிப் பொரித்த அதன் வாலைத்தான் ஸ்காம்பி என்கிறார்கள். ஆகவே 'ஷ்ரிம்ப் ஸ்காம்பி' என்பதைத் தமிழில் பெயர்த்தால் ஏறக்குறைய 'இறால் சிங்கி' என்று வரும். சிரிக்க விரும்புகிறவர்கள் சிரித்துவிட்டு வரலாம்.

ஆனால் சிரித்து முடித்த பிறகு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பெயரில் ஏமாற்று எங்கே இருக்கிறது? இறாலைச் சமைத்துவிட்டு 'ஸ்காம்பி' என்று மட்டும் சொல்லி விற்றிருந்தால், அது மோசடி. இறால் என்று முதலில் சொல்லி, ஸ்காம்பியைச் செய்கிற மாதிரி செய்தது என்று பின்னால் சொன்னால் அது ஒப்புதல் வாக்குமூலம் அல்லவா? வாழைக்காயைப் போட்டுச் 'சைவ மீன் குழம்பு' என்று நம் வீடுகளில் வைக்கிறார்கள். அதைச் சாப்பிட்டவர் யாராவது மீன் எங்கே என்று கேட்டுப் போலீசுக்குப் போனதுண்டா?

இத்தாலியில் இப்படி ஒன்று கிடையாது என்பது நண்பரின் அடுத்த வாதம். அட்ரியாடிக் கரையில், வெனிஸிலிருந்து இஸ்திரியா வரைக்கும், 'பூஸாரா' என்று ஒரு பக்குவம் இருக்கிறது. ஸ்காம்பியை ஆலிவ் எண்ணெயில் பூண்டோடு போட்டு, வெள்ளை ஒயின் விட்டு, பெரும்பாலும் தக்காளியும் கொஞ்சம் ரொட்டித்தூளும் சேர்த்துச் செய்வது. அதை ஸ்பகெட்டியோடு கலந்தும் பரிமாறுகிறார்கள். தக்காளியை எடுத்துவிட்டு, ஸ்காம்பி இருந்த இடத்தில் இறாலைப் போட்டு, ஒரு கட்டி வெண்ணெயைச் சேர்த்தால் என்ன ஆகிறது என்று நண்பரே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். வெனிஸில் இருந்த நாட்களில் இது எப்படி அவர் கண்ணில் படாமல் போயிற்று என்று கேட்டேன். அங்கே ஒரு சாலை முழுக்க பீட்ஸா கடைகள்தானாம்.

நான் எதிர்க்கிற விஷயம் இந்தப் பெயர்த் தகராறைவிடப் பெரியது. 'அசல் இல்லை' என்று இவர்கள் தள்ளுகிற இந்தப் பண்டத்தைச் செய்தவர்கள் யார்?

1880-க்கும் 1924-க்கும் இடையில் நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட இத்தாலியர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். 1924-இல் புதுச் சட்டம் போட்டு வாசலைச் சாத்தினார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் நேப்பிள்ஸ், கலாப்ரியா, சிசிலி முதலிய தென்பகுதிக்காரர்கள். நிலமில்லாதவர்கள், இருந்தும் பிழைக்க வழியில்லாதவர்கள். அமெரிக்காவில் இவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு என்ன? பூண்டு தின்னிகள் என்ற பட்டம். ரயிலிலும் பள்ளிக்கூடத்திலும் பூண்டு வாசனையை வைத்தே இவர்களை ஒதுக்கினார்கள். 1891 மார்ச் 14-ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஒரு கூட்டம் சிறைச்சாலையை உடைத்துப் புகுந்து பதினொரு இத்தாலியர்களைக் கொன்றது. போலீஸ் தலைவரைச் சுட்டதாக அவர்கள்மேல் புகார். வழக்கு நடந்து, யாருமே குற்றவாளி என்று தீர்ப்பாகவில்லை. ஆனாலும் ஜனக்கூட்டம் தன் தீர்ப்பை நிறைவேற்றிவிட்டது.

அதே 1891-இல்தான் இத்தாலியிலே பிளாரன்ஸ் நகரத்தில் பெல்லெக்ரினோ அர்த்தூசி என்ற கனவான் தம் சமையல் புத்தகத்தைச் சொந்தப் பணம் போட்டு அச்சிட்டார். இத்தாலியச் சமையலுக்கு ஆதி நூல் என்று இன்றும் அதைக் கொண்டாடுகிறார்கள். நல்ல புத்தகந்தான். ஆனால் அதில் தெற்குப் பிரதேசத்துக்குக் கிடைத்த இடம் சொற்பம். கப்பலேறிய ஏழைகளின் அடுப்பு அதில் எங்கே எரிகிறது? தாய்நாட்டுப் புத்தகத்திலும் இடமில்லை, போன நாட்டிலும் பூண்டு நாற்றம் என்று வசை. அந்த நிலையிலும் அவர்கள் பூண்டை விடவில்லை. புதுக் கடலில் ஸ்காம்பி கிடையாது. மெக்சிகோ வளைகுடாவில் இறால் குவிந்து கிடந்தது. ஊரில் எட்டாக்கனியாயிருந்த வெண்ணெயும் கறியும் இங்கே கூலிக்காரனுக்கும் கிடைத்தன. வடக்கின் பெயரும் தெற்கின் பூண்டும் அமெரிக்காவின் இறாலும் ஒரே வாணலியில் சந்தித்தன. இதை நகல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முன்பு அமெரிக்கன் முகத்தைச் சுளித்தான். இன்று இத்தாலியைக் காட்டி இவர்கள் சுளிக்கிறார்கள். ஒரே பூண்டுக்கு இரண்டு தடவை அவமானமா?

இன்னொன்றும் சொல்கிறேன். அசல் அசல் என்று இவர்கள் காவல் காக்கிற கோட்டைக்குள் இருப்பவை எவை? தக்காளி இத்தாலியில் முளைத்ததல்ல. 16-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போனது. முட்டையும் பன்றிக்கறியும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் செய்கிற 'கார்பொனாரா' என்ற பாஸ்தா ரோமாபுரியின் பரம்பரைச் சொத்து என்பார்கள். அதற்கு அச்சில் அகப்பட்டிருக்கிற மிகப் பழைய செய்முறை 1952-இல் சிகாகோவில் வெளியான ஓர் உணவு விடுதிக் கையேட்டில் இருக்கிறது! 1954-இல் இத்தாலியப் பத்திரிகை ஒன்று செய்முறை வெளியிட்டபோது அதில் பூண்டும் சுவிட்சர்லாந்துப் பாலாடைக்கட்டியும் இருந்தன. இன்று ரோமில் அப்படிச் செய்தால் அடிக்க வருவார்கள். 2023-இல் பார்மா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அல்பெர்தோ கிராந்தி இப்படிப்பட்ட விஷயங்களை ஓர் ஆங்கிலப் பத்திரிகைப் பேட்டியில் எடுத்துச் சொன்னதற்காக அந்த நாட்டில் எழுந்த கூச்சலைக் கேட்டிருக்க வேண்டும்.

அப்படியானால் எதை எப்படி வேண்டுமானாலும் செய்துவிட்டு அதற்கு ஒரு பெயரை வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கலாம். கேட்டதும் நல்லதுதான். ஏனெனில் என் கோபத்தில் பெரும்பகுதியை இனிமேல்தான் செலவழிக்கப் போகிறேன். வம்சாவளி விசாரிக்கிற இந்த மகானுபாவர்கள் வாணலிக்குள் எட்டிப் பார்ப்பதே இல்லை. நிஜமான அக்கிரமங்கள் அங்கேதான் நடக்கின்றன.

முதல் அக்கிரமம் சமையல் ஒயின். கடையில் குறைந்த விலைக்கு, மளிகைச் சாமான்களோடு சேர்த்து விற்கிறார்கள். அமெரிக்கச் சட்டப்படி, குடிக்க முடியாதபடி உப்பிட்ட ஒயின் என்றால் 100 மில்லிக்கு ஒன்றரை கிராம் உப்பாவது அதில் இருக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள். அரைக் கோப்பை ஒயினை விட்டுப் பாதியாகச் சுண்ட வைக்கிறோம். தண்ணீர் போய்விடும், உப்பு போகுமா? இறாலில் ஏற்கெனவே கடல் உப்பு, பாஸ்தா வெந்த தண்ணீரில் உப்பு, அதன்மேல் இதுவும். குடிக்கத் தகாதது என்று அரசாங்கமே உப்பைப் போட்டு வைத்ததைக் கொண்டு குழம்பு வைக்கிற புத்தி எங்கிருந்து வந்ததோ! புளிப்பும் தெளிவும் உள்ள, இனிப்பில்லாத ஒயின் வேண்டும். பினோ கிரீஜோ, ஸோவாவே, வெர்மெந்தினோ என்று இத்தாலியிலேயே சாதாரண விலையில் விளைகிறவை போதும். ஓக் மரப் பீப்பாயில் நாளெல்லாம் ஊறியவை கூடாது. சுண்டும்போது அந்த மரச்சாரம் கசப்பாக முன்னால் வந்து நிற்கும்.

இரண்டாவது, தண்ணீர் ஏற்றிய இறால். சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட் என்ற உப்பில் ஊற வைத்தால் இறால் தண்ணீரைக் குடித்து எடை கூடும். வாங்குகிறவர் தண்ணீருக்கு இறால் விலை கொடுக்கிறார். வாணலியில் போட்டதும் அந்தத் தண்ணீர் வெளியே வந்து, வதங்க வேண்டிய இறால் குளத்தில் கிடப்பதுபோல வேகும். சவுக்காரக் கட்டியைக் கடித்த மாதிரி ஒரு வழுவழுப்பும் சேரும். இதைச் செய்தவன்மேல் எந்த அசல்வாதியாவது கட்டுரை எழுதியிருக்கிறாரா? இங்கே ஒரு சங்கதி. அமெரிக்கா தின்கிற இறாலில் பெரும்பகுதி இன்று வெளிநாட்டுச் சரக்கு. இந்தியாவிலிருந்து, முக்கியமாக ஆந்திரக் கரையோரக் குளங்களிலிருந்து, ஏராளமாகப் போகிறது. அந்த வன்னமெய் இறாலும் நம் ஊர்ப் பிறவியல்ல. மெக்சிகோ முதல் பெரு வரையுள்ள பசிபிக் கரைதான் அதன் சொந்த ஊர். 2009-இல்தான் இந்தியாவில் வளர்க்க அனுமதித்தார்கள். இறாலே குடியேறி வந்ததாயிருக்கிறது, பண்டத்துக்குப் பூர்வீகம் கேட்கிறார்கள்!

மூன்றாவது, பாலேட்டை ஊற்றுவது. ஒயினும் எலுமிச்சையும் சேர்ந்து உண்டாக்கிய அத்தனை துலக்கத்தையும் ஒரு கரண்டிப் பாலேடு போர்த்தி மூடிவிடும். குழம்பு சேர்ந்து வரவில்லையே என்ற பயத்தில்தான் இதைச் செய்கிறார்கள். சேர்ந்து வர வழி பாஸ்தாப் பானையிலேயே இருக்கிறது. பாஸ்தா வெந்த தண்ணீரில் கரைந்த மாவு, வெண்ணெயையும் ஒயினையும் பிரியவிடாமல் கட்டி வைக்கும். அந்தத் தண்ணீரைத்தான் பாதிப் பேர் சாக்கடையில் கொட்டிவிடுகிறார்கள்.

சரி, குறை சொன்னவன் செய்து காட்ட வேண்டாமா? நாலு பேருக்கு அரைக் கிலோ இறால் எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டை உரித்து, முதுகில் ஓடும் கறுப்புக் குடலை நீக்கி, துணியால் ஈரம் ஒற்றி, கொஞ்சம் உப்புத் தூவிக் கால் மணி வைத்திருங்கள். ஓட்டை எறிந்துவிடாதீர்கள்! ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெயில் ஓட்டைச் சிவக்க வறுத்து, அரைக் கோப்பை ஒயினும் அதே அளவு தண்ணீரும் விட்டு ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டு வடித்தால், இறாலின் முழு வாசனையும் அந்தச் சாற்றில் இறங்கியிருக்கும்.

பூண்டு எட்டுப் பல். பாதியை மெல்லிய வில்லையாகச் சீவுங்கள், பாதியை நசுக்குங்கள். பூண்டு முழுதாயிருக்கும்வரை சாது. நறுக்கினாலோ நசுக்கினாலோதான் அதற்குள் தனித்தனியாக இருந்த இரண்டு பொருள்கள் கூடி அல்லிசின் என்ற கார வஸ்து பிறக்கிறது. நசுக்க நசுக்கக் காரம் கூடும். ஆகவே சீவியது இனிப்புக்கு, நசுக்கியது உறைப்புக்கு. பூண்டின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. செசெனாத்திகோ என்ற அட்ரியாடிக் கரை ஊரில் பிறந்து அமெரிக்காவுக்கு இத்தாலியச் சமையலைச் சொல்லிக் கொடுத்த மார்செல்லா ஹஸான், பூண்டை வாரி இறைக்கும் அமெரிக்க வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தவர். அந்த அம்மாளின் கண்டிப்புக்கு நான் தலை வணங்குவேன். வாணலியைப் பார்த்துச் சொன்ன கண்டிப்பு அது.

அகலமான வாணலியில் எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் இறாலை ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்புங்கள். ஒரு பக்கம் ஒரு நிமிஷம், மறு பக்கம் அதற்கும் குறைவு. இறாலின் உடம்பில் புரதத்தோடு கட்டுண்டு மறைந்திருக்கும் சிவப்பு நிறம் சூடு பட்டதும் விடுபட்டு வெளியே வரும். அந்த நிறம் வந்து, உடல் பிறை நிலாப் போல வளைந்தால் போதும். வளையமாகச் சுருண்டு வாலும் தலையும் முட்டிக்கொண்டால் காரியம் கெட்டது. அப்புறம் அது ரப்பர். உள்ளே இன்னும் கொஞ்சம் வேகாமல் இருக்கும்போதே எடுத்துத் தட்டில் வைத்துவிடுங்கள். மிச்சத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

தீயைத் தணித்து, அதே எண்ணெயில் பூண்டையும் கிள்ளிய மிளகாய் வற்றல் ஒன்றையும் போடுங்கள். பூண்டு பொன்னிறம் தாண்டிச் சிவந்தால் கசக்கும்; எந்த ஒயினும் அதைக் காப்பாற்றாது. வாசனை எழுந்ததும் ஒயின் சாற்றை விட்டுப் பாதியாகச் சுண்ட விடுங்கள். லிங்குவினி என்ற தட்டை நூல் பாஸ்தா இதற்கு உகந்தது. உறையில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிஷம் முன்பாகவே அதை எடுத்து வாணலியில் சேர்த்து, ஒரு கரண்டி பாஸ்தாத் தண்ணீரும் விட்டுப் புரட்டுங்கள். அந்த இரண்டு நிமிஷத்தில் அது தண்ணீருக்குப் பதில் சாற்றைக் குடிக்கும். இறாலைத் திரும்பப் போட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, குளிர்ந்த வெண்ணெய் ஐம்பது கிராமைத் துண்டு துண்டாகச் சேர்த்துக் கிளறுங்கள். எலுமிச்சைச் சாறும் நறுக்கிய பார்ஸ்லியும் கடைசியில். அடுப்பு எரியும்போது வெண்ணெயைப் போட்டவர்களுக்கு எண்ணெய் தனியே மிதப்பதுதான் பரிசு.

ஒயின் விஷயத்தில் இன்னொரு பொய்யும் உலவுகிறது. மதுவைத் தொடாதவர்களைச் சாப்பிட வைப்பதற்காக, "கொதித்தால் ஆல்கஹால் முழுக்க ஆவியாகிவிடும், ஒன்றும் மிஞ்சாது" என்று பரிமாறுகிறவர்கள் சத்தியம் செய்கிறார்கள். 1992-இல் அமெரிக்காவில் இதை அளந்து பார்த்து வெளியிட்டார்கள். கால் மணி நேரம் சேர்ந்து கொதித்த பண்டத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு மிஞ்சியது; இரண்டரை மணி கொதித்த பிறகும் ஐந்து பங்கு இருந்தது. அகன்ற வாணலியில் கொஞ்சம் ஒயின் வேகமாகச் சுண்டும், குறைவாகவே மிஞ்சும் என்பது மெய். ஆனால் ஒன்றுமில்லை என்பது பொய். தொடமாட்டேன் என்கிறவருடைய விரதத்தை அவருக்குத் தெரியாமல் உடைக்க யாருக்கு அதிகாரம்? அப்படிப்பட்டவருக்கு ஓட்டுச் சாறும் எலுமிச்சையும் சில சொட்டுக் காடியும் போட்டுச் செய்து, ஒயின் இல்லாத இறால் என்று சொல்லியே கொடுங்கள். ஒயினில் உள்ள மணம் வராது. ஆனால் நல்ல பண்டமாகத்தான் இருக்கும், பெயரும் பொய் சொல்லாது.

பாலாடைக்கட்டி ஒன்றில் மட்டும் நான் என் நண்பர் கட்சி. கடல் பண்டத்தின்மேல் அதைத் துருவிப் போடாதே என்று இத்தாலியர்கள் சொல்வதை மூட வழக்கம் என்று அமெரிக்காவில் கேலி செய்கிறார்கள். வழக்கத்தை விட்டுத் தள்ளுங்கள். முற்றிய பார்மீசானின் உப்பும் காட்டமும் இறாலின் மெல்லிய இனிப்பை நாக்கில் நிற்கவிடாது. இதை அறிய ஒரு கவளம் போதும். விடுதிகளில் கேட்காமலே துருவியைத் தூக்கிக்கொண்டு மேஜைக்கு மேஜை வருகிற அந்தப் பையனை, தட்டின்மேல் கையை வைத்து மறைத்தாவது தடுத்துவிடுங்கள்.